நீலத் தண்ணீரும் ஒன்பதாம் பாட்டிலும்

ஊரில் எல்லா வீட்டிலும் மாவைச் சலிப்பது வண்டை வெளியே போடுவதற்கு. அவள் சலித்தால் மாவு வெளியே போகும், வண்டு பத்திரமாக உள்ளே இருக்கும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் மகள் இத்தனை வருடம் படித்தாள் என்பதை அவளுடைய அம்மாவால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

“நான் படிக்காதவ. வீட்ல வண்டு வந்தா வெயில்ல கொட்டித் தொரத்திடுவேன். எம் மக டாக்டரு. அதுக்குத் தனி ரூம் குடுத்து, ஹீட்டரும் போட்டு வெச்சிருக்கா,” என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்வாள்.

“முப்பது டிகிரிக்குக் கீழ போனா முட்டை நேரத்துக்குப் பொரியாதும்மா.”

“கேட்டுக்கங்க. அதுக்குக் குளிருமாம்.”

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வண்டு டாக்டர் என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அவள் பதினொரு தானியக் கிடங்குகளுக்குப் பேருந்தில் போய், தரையில் மண்டியிட்டு, மூட்டை இடுக்குகளிலிருந்து வண்டு பொறுக்கி வந்தாள். கிடங்குக்கு ஒன்றாகப் பதினொரு பாட்டில். வாயில் மெல்லிய துணி, துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு, உள்ளே மாவு, மாவுக்குள் வண்டு. நாற்பது நாளுக்கு ஒரு தலைமுறை. சலிக்க வேண்டும், எண்ண வேண்டும், புது மாவு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டுக்குப் பசிக்காது என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை.

கிடங்குக்காரர்கள் மூட்டைகளுக்கு நடுவே மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மாத்திரையிலிருந்து வரும் புகையில் வண்டு சாகும். செத்ததா என்று பிரித்துப் பார்க்கிறவர் யாருமில்லை. மாத்திரை வைத்ததாகக் கையெழுத்து இருந்தால் போதும். அவள் பாட்டிலுக்குக் கொஞ்சம் வண்டை எடுத்துப் புகை காட்டிப் பார்த்தாள். பத்து பாட்டில் வண்டுகள் மரியாதையாகச் செத்தன. ஒன்பதாம் பாட்டில் மட்டும் மூன்று மடங்கு புகையைக் குடித்துவிட்டு, எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்தது.

“ஒன்பதாம் நம்பர் பசங்க நம்ம இயக்குநர் மாதிரி, டாக்டரம்மா. எதுக்கும் அசைய மாட்டாங்க,” என்றார் ஆய்வக உதவியாளர். ஓய்வு பெற அவருக்குச் சில வருடமே இருந்ததால் தாராளமாகப் பேசுவார்.

அந்த வண்டுகளின் உடம்புக்குள் என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், கிடங்குக்காரர் பத்தே நிமிடத்தில் பார்த்துக்கொள்ளும்படி ஒரு சின்னப் பரிசோதனை அட்டை செய்துவிடலாம். இந்தக் கிடங்கில் மாத்திரை பலிக்கும், இந்தக் கிடங்கில் பலிக்காது, அவ்வளவுதான். அது தெரியாததால் ஒரு நாடு தின்ன வேண்டியதில் கணிசமானதை வண்டு தின்றுகொண்டிருக்கிறது. அவள் கேட்டது இரண்டு வருட ஆய்வுச் செலவும், அதுவரை பாட்டில்களைச் சாகாமல் காப்பாற்ற ஒரு வழியும். ஒன்பதாம் பாட்டில் போனால் ஆராய்ச்சி போச்சு. அந்தக் கிடங்கையும் அதற்குள் இடித்துவிட்டார்கள். திரும்பப் போய்ப் பொறுக்க முடியாது.

வெளிநாட்டில் ஒரு நிதியம் இருந்தது. வளரும் நாடுகளின் இளம் விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பது அதன் லட்சியம். கை எவ்வளவு நீளம் என்று விதிமுறையில் இருக்கும்: முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை அவள் விண்ணப்பித்தபோது, உங்கள் நிலையத்தில் தேவையான கருவிகள் இல்லை, கருவி வந்தபின் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. கருவி வாங்கத்தான் விண்ணப்பமே என்று அவள் எழுதவில்லை. அப்போது மரியாதை தெரிந்த பெண்ணாக இருந்தாள்.

மூன்றாவது வருடம் இரண்டாம் தடவை. இந்த முறை இறுதிப் பட்டியல் வரை வந்துவிட்டாள். நேரில் பார்க்க ஒரு குழு வந்தது, கூடவே ஒரு புகைப்படக்காரர். அவர் வண்டு அறைக்குள் நுழைந்து, பழுப்பு மாவு, பழுப்பு வண்டு, பழுப்பு அலமாரி எல்லாவற்றையும் பார்த்து, சாவு வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

“மேடம், கலரா எதுவும் இல்லையா?”

“வண்டு செவப்புதான் சார். உத்துப் பாத்தா தெரியும்.”

“உத்துப் பாக்கறவங்க யாரும் நிதி குடுக்கறதில்ல, மேடம்.”

பக்கத்து வேதியியல் ஆய்வகத்திலிருந்து உதவியாளர் ஒரு குடுவை நிறைய மயில்துத்தக் கரைசல் வாங்கி வந்தார். நல்ல நீலம். அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சம்பந்தமே இல்லாத அந்தத் தண்ணீரைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மனித குலத்தின் விடிவு அதில் மிதப்பதுபோலப் பார்த்தாள். புகைப்படக்காரர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“போட்டோ எடுத்துட்டாங்கன்னா கெடச்ச மாதிரிதான்,” என்றார் உதவியாளர்.

கிடைக்கவில்லை. முகம் மட்டும் தேர்வானது.

ஆறு மாதம் கழித்து நிதியத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அவள் வந்தாள். பிறகு இணையதளத்தில், நாட்காட்டியில், விமான நிலையத்தில் ஆளுயரத்துக்கு. ‘இளம் கைகள், புதிய உலகம்’ என்று மேலே எழுதியிருந்தது. அம்மா அந்த நாட்காட்டியைச் சட்டம் போட்டு மாட்டினாள். அக்கம்பக்கத்தில் கைமாற்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். “டாலர்ல வருது, இன்னும் அதே செருப்பு,” என்று எதிர்வீட்டு அம்மாள் தன் மருமகளிடம் சிக்கனத்துக்கு உதாரணம் காட்டினாள்.

அதையும் சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் மறு மாதம் நிலையத்தின் இடைக்கால உதவித்தொகைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இயக்குநரிடம் போனாள்.

“வாழ்த்துகள்மா. நம்ம நிலையத்துக்கே பெருமை. வெளிநாட்டு நிதி வர்றவங்களுக்கு உள்ள குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதான் இல்லாத புள்ளைங்களுக்கு மாத்திட்டோம்.”

“எனக்கு நிதி வரல சார். போட்டோ மட்டும்தான் எடுத்தாங்க.”

“அடக்கம் நல்லதுதான். அதுக்காக இவ்வளவா?”

“நெஜமாவே வரல சார்.”

இயக்குநர் தன் அறைச் சுவரிலும் தொங்கிய அந்த நாட்காட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுபது நாடுகளில் ஒட்டியிருக்கும் ஒரு முகம் தன் முன்னால் நின்று பொய் சொல்வதாக அவருக்குப் பட்டது. “அப்ப ஒண்ணு பண்ணும்மா. வரலன்னு அவங்ககிட்டயே ஒரு கடிதம் வாங்கிட்டு வா.”

நிதியத்துக்கு எழுதினாள். திட்ட அலுவலராக இருந்த பெண்மணி மிகவும் அன்பானவர், தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டார். “நிதி வாங்கினவங்களுக்குச் சான்றிதழ் குடுக்க எங்ககிட்ட படிவம் இருக்கு. வாங்காதவங்களுக்குப் படிவம் இல்லையேம்மா. வாங்காதவங்க நெறைய பேரு. எல்லாருக்கும் குடுக்க ஆரம்பிச்சா அதுக்கே தனி நிதி வேணும்.”

“அப்ப அந்தப் படத்தையாவது எடுத்துடுங்க மேடம்.”

“அதெப்படிம்மா? எங்களுக்கு வந்த படத்துலயே அதுதான் ரொம்ப நல்லா இருக்கு.”

அவள் விண்ணப்பித்த வேறு இரண்டு அமைப்புகளும் இதே படத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே போதிய ஆதரவு பெற்றவர் என்று அவளைத் தள்ளிவைத்தன. அவள் காலையில் தனிப்பயிற்சி வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் தன் கைக்காசில் மாவு வாங்கிக்கொண்டு வண்டு அறைக்குப் போனாள். அறையைப் பயன்படுத்த மட்டும் இயக்குநர் அனுமதித்திருந்தார். பார்வையாளர்கள் வந்தால் நாட்காட்டிப் பெண்ணைக் காட்ட வேண்டுமே.

“ரெண்டே பேரு இருக்கற வீட்டுக்கு மாசம் பன்னெண்டு கிலோ மாவா?” என்றார் கடைக்காரர்.

“விருந்தாளி ஜாஸ்தி அண்ணாச்சி.”

இப்படியே நாலு வருடம். ஒன்பதாம் பாட்டிலில் அறுபத்தோராவது தலைமுறை நடமாடியது. அவளுக்கு முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆறே முக்கால் வருடம் முடிந்திருந்தது. நிதியம் கடைசித் தடவையாக அவளை நேர்காணலுக்கு அழைத்தது. இதை விட்டால் அவள் இளம் விஞ்ஞானி இல்லை. மூத்த விஞ்ஞானியும் இல்லை, அதற்கு வேலை வேண்டும். நடுவில் ஒரு பெயரில்லாத ஜாதி. அதற்கு எந்த நிதியமும் இன்னும் லட்சியம் வைத்துக்கொள்ளவில்லை.

நேர்காணல் ஒரு பெரிய ஓட்டலில். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பதாகை. பதாகையில் முப்பத்தோரு வயதில் அவள், நீலக் குடுவையோடு. கீழே நாற்காலியில் முப்பத்தைந்து வயதில் அவள், வெறுங்கையோடு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். “உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.”

“உங்களுக்குப் பின்னால சார்.”

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறையே கலகலத்தது. உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டி மகிழ்ந்தார். “அட, நம்ம பொண்ணு. ஆமா, அந்த நீலத் திரவ ஆராய்ச்சி என்னாச்சு?”

“அது மயில்துத்தம் சார். நான் வண்டு.”

இருபது நிமிடம் வண்டைப் பற்றிப் பேசினாள். ஒன்பதாம் பாட்டில், மூன்று மடங்கு புகை, பத்து நிமிட அட்டை. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஒருவர் குறிப்பெடுத்தார். தலைவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அன்று பேருந்தைவிட்டு இறங்கி வீட்டுப் படியேறும்போது அவள் பாட்டு முணுமுணுத்தாளாம். அம்மா சொல்லித்தான் இது தெரியும். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மூன்று வாரம் கழித்து அன்பான பெண்மணி தொலைபேசியில் வந்தார். “உங்க திட்டத்துக்குத்தான்மா அதிக மதிப்பெண். அஞ்சு பேருமே சொன்னாங்க.”

“ரொம்ப நன்றி மேடம்.”

“இருங்க. அப்புறம் ஒரு ஆட்சேபம் வந்துச்சு. நீங்க எங்க நிதியத்தோட முகம். எங்க முகத்துக்கே நாங்க நிதி குடுத்தா, சொந்தக்காரங்களுக்குக் குடுத்த மாதிரி வெளியில பேசுவாங்க. நடுநிலை கெட்டுடும்னு தலைவர் ரொம்ப வருத்தப்பட்டார்.”

“உங்க முகம்தான் என்கிட்டருந்து எடுத்தது, மேடம்.”

“புரியுதும்மா. அதுக்குத்தான் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

அவள் போனை வைத்துவிட்டு மாவு சலிக்கப் போனாள். அன்று ஒன்பதாம் பாட்டிலின் முறை.

அடுத்த வாரம் இயக்குநரிடமிருந்து தாள் வந்தது: பதினைந்து நாளில் வண்டு அறையைக் காலி செய்ய வேண்டும். நிதியம் தாராள மனத்தோடு நிலையத்துக்கு ஒரு பயிற்சி மையம் வழங்கியிருக்கிறது. இளம் விஞ்ஞானிகளுக்கு நிதி விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் மையம். அதற்கு அந்த அறைதான் வாகாக இருக்கிறதாம். வெளிச்சம் நன்றாக வருகிறது, படத்திலேயே தெரிந்தது.

பாட்டில்களைத் தத்துக் கொடுக்க மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினாள். ஒன்று பதில் போடவில்லை. ஒன்று, வளர்ப்புச் செலவுக்கு நிதியோடு அனுப்பினால் மகிழ்வோம் என்றது. மூன்றாவது, தபாலில் அனுப்பச் சொன்னது. உயிருள்ள பூச்சியை வாங்க மாட்டோம் என்றார்கள் தபால் நிலையத்தில்.

உதவியாளர்தான் வழி சொன்னார். “ஒன்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க டாக்டரம்மா. அலமாரி மேல வெச்சா யாருக்குத் தெரியப் போகுது?”

“துணி கிழிஞ்சு ரெண்டு வெளிய போனாப் போதும். பக்கத்துல மளிகைக்கடை, அதுக்குப் பின்னால கிடங்கு. மாத்திரைக்குச் சாகாத வண்ட ஊருக்குள்ள விட்டது நானாத்தான் இருப்பேன்.”

“ஊரு உங்களுக்கு என்ன செஞ்சுச்சுன்னு ஊரப் பத்திக் கவலப்படறீங்க?”

அவள் பதினொரு பாட்டிலையும் தன் கையாலேயே உறைபெட்டியில் வைத்து மூடினாள். புகைக்கு அசையாத ஒன்பதாம் நம்பர் பசங்களும் குளிருக்கு மற்றவர்களைப் போலத்தான். அம்மா சொன்னது சரி, அதுக்குக் குளிரும்.

ஐந்தாம் நாள் பாட்டில்களை வெளியே எடுத்து, எரிப்பதற்கு முன் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அதே புகைப்படக்காரர். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, கேமரா புதிது.

“மேடம், பழைய படம் பழசாயிடுச்சு. புது பிரசுரத்துக்கு உங்களையே திரும்ப எடுக்கச் சொன்னாங்க. இந்தத் தடவ நீலத் தண்ணியெல்லாம் வேணாமாம். நிஜமான ஆராய்ச்சி, நிஜமான வண்டு. இப்ப அதத்தான் கேக்கறாங்க.”

அவள் ஒன்பதாம் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குனிந்து கேமராவை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அருமை. போன தடவ ஒரே ஓட்டம், ஒண்ணுகூட நிக்கல. இப்ப எவ்வளவு ஒழுங்கா இருக்குதுங்க பாருங்க. அசையாம இருந்தாத்தான் தெளிவா வரும். நல்லாப் பழக்கியிருக்கீங்க மேடம்.”

உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்திவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கேமராவுக்கு எட்டாத பக்கமாகச் சுவரோரம் போய் நின்றாள்.

“மேடம், நீங்க பக்கத்துல வரணும். வெறும் பாட்டில எடுத்தா, நிதியம் யாருக்கு என்ன செஞ்சுதுன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதுலயே தெரியும் சார். எடுங்க.”

அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு, வெளிச்சம் போவதற்குள் வேலையை முடிக்க வேண்டியவராதலால், எடுத்தார்.