சியேனி கேட்டனுப்பிய கேள்வி

பள்ளிக்கூட வாசலில் தேங்காய்ப்பால் பன் விற்கும் சியேனியின் வாய்க்கு எங்கள் சவாயி தீவில் பயப்படாதவர்கள் இரண்டே பேர்: கடவுளும் என் மகள் ஃபெதூவும். பஸ் ஓட்டுகிற நானே அவளைக் கண்டால் ஹாரன் அடிக்க மாட்டேன். பக்கத்துத் தீவிலிருந்து தனியாக வந்து குடியேறியவள். அதற்கு முந்தைய கதையைக் கேட்க எவனுக்கும் துணிச்சல் இல்லை.

ஃபெதூவுக்கு அப்போது ஆறு வயது. பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்காமல் தாழ்ந்து உட்காருவது எங்கள் வழக்கம். மற்ற பிள்ளைகளுக்குக் காதைத் திருகித்தான் சொல்லித்தர வேண்டும். இவளோ நாலடி ஓடுவாள், சட்டென்று குந்திக்கொள்வாள். "வளர்ப்புன்னா இதுதான்!" என்று போதகரே ஆலயத்தில் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் சியேனி பஸ்ஸை மறித்தாள்.

"டேய் ஃபலானிகோ, ஒம் மக இப்ப யாரு முன்னால குந்துனா தெரியுமா?"

"பெரியவங்க யாராச்சும் வந்திருப்பாங்க."

"பன்னி வந்துச்சு. பன்னிக்குமாடா மரியாத? அவ ஒதட்டப் பாரு, நீலம் பூத்துக் கெடக்கு. மூச்சு முட்டித்தான் குந்துறா."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ள பெக்காதவளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திருப்பித் திட்டவில்லை. "பெத்தேன். பெனின்னு பேரு. இப்பிடியேதான் குந்துவான். ஏழு வயசுல போயிட்டான்," என்றாள்.

மறுநாளே தலைநகர் ஆப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறினோம். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். குந்தினால் கொஞ்சம் கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது, பிள்ளைக்கு மூச்சு ஆறுகிறது. யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்த வைத்தியம்.

"ஆபரேஷன் பண்ணாம விட்டா ஆபத்து. தள்ளிப்போடாதீங்க."

மூன்று மாதத்தில் வெளிநாட்டில், ஆக்லாந்தில், ஆபரேஷனுக்கு ஏற்பாடானது. வழியனுப்ப சியேனியும் துறைக்கு வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"அத விடுடா. பெரிய டாக்டர்கிட்ட எனக்காக ஒண்ணு கேளு. பெனிய நான் தேங்கா சொமக்க வச்சேன். அதனாலயா அவன் இதயம் கெட்டுச்சு?"

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். கண்விழித்த மகளின் உதடு சிவந்திருந்தது. அந்த நிறத்தை அவளிடம் நான் அதுவரை பார்த்ததே இல்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதே கையை விடாமல் சியேனியின் கேள்வியையும் கேட்டேன்.

ஊர் திரும்பியதும் நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம். என் பிள்ளை பிழைத்தது அந்தப் பொல்லாத வாயால்தான். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன்க்கா. வயித்துல உருவாகும்போதே அப்பிடி ஆயிடுமாம். சொம தூக்குனதால வர்றதில்லயாம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்லயாம்."

சியேனி பன் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"இன்னொருவாட்டி சொல்லுடா," என்றாள்.