தலைவலிதானே என்றார்கள்

பேருந்து நிலையத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, பார்த்தவர்கள்தான் குறைவு. இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எவ்வளவு தாமதம் என்று இருபத்திரண்டு வருஷமாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் போய் ஒரு சோப்பு கேட்டால் கடைக்காரர் குரலைக் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்து, “அட, எட்டாம் மேடை!” என்பார். ஊருக்கும் அவருக்கும் இருந்த உறவு அந்த அளவில்தான்.

பதினாறு வயதிலிருந்து தலைவலி. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருப்புளி வைத்துத் திருகுவதுபோலத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கினால்கூடக் குமட்டும். ஒரு நாளில் போனால் அதிர்ஷ்டம். சில சமயம் மூன்று நாள் உயிரை எடுத்துவிட்டுத்தான் போகும்.

வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் டிக்கெட் கவுண்டர்காரர். கண்ணைப் பார்க்கச் சொன்னார் காவலாளி. இரண்டு முறை கண்ணாடி மாற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. தலைவலி கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். “ஒத்தைத் தலைவலி பொம்பளைங்களுக்கு வர்றதாச்சேய்யா, உனக்கு எப்படி?” என்று ஒரு டிரைவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். அதற்குப் பிறகு யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. சட்டைப் பையில் மாத்திரை அட்டை எப்போதும் இருந்தது. முதலில் வலித்தால் போட்டார். பிறகு வலித்துவிடுமோ என்று போட்டார். கடைசியில் காலை டீயோடு சேர்த்துப் போட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அக்கா மகளுக்குக் கல்யாணம். முதல் ஆளாகப் போனவர், முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் பின்னறையில் கண்ணில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். ஒரே தாய்மாமன் மேடையில் இல்லை. “ஒரு தலைவலிக்காடா என்னை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சே?” என்று கேட்ட அக்கா, அதற்குப் பிறகு பேசவில்லை.

ஒரு நாள் மதியம் கண்ணாடி அறையில் இருந்தபோது வலியே இல்லை. மைக்கைப் போட்டுவிட்டுத் தாளைப் பார்த்தார். ‘17’ என்று இருந்த இடத்தில் பாதியைக் காணோம். அந்த இடத்தில் உடைந்த கண்ணாடி விளிம்பு போல ஒரு வெளிச்சம் நெளிந்து, மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. சொல்ல வேண்டியது மனசில் இருந்தது, வாயில் வரவில்லை. “ஏழாம்… ஏழு வண்டி… ஏழுக்கு ஏழு” என்று ஊரே கேட்கக் குழறினார். கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

நிலைய மேலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மைக்கை அணைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“வாயை ஊதுங்க.”

குடிக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தார். “குடை” என்று வந்தது.

“என்னது?”

“குடை… குடை.”

“எந்தக் குடை?” என்றார் மேலாளர். வாசலில் எட்டிப் பார்த்த இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் மேலாளருக்குப் பயம் வந்தது. வண்டி வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அலுவலகப் பதிவேட்டில் இருந்த ஒரே நம்பர் அக்காவுடையது.

அக்கா வந்து சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது, பின்னாலேயே வலியும் வந்திருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “பக்கவாதமோன்னுதான் முதல்ல பயந்தோம். அது இல்ல. இது மைக்ரேன். சில பேருக்கு வலிக்கு முன்னாடி கண்ணுல மின்னும், சில பேருக்குப் பேச்சே குழறும்.”

“தலைவலிக்கா பேச்சு போகும்?” என்றாள் அக்கா.

“மைக்ரேன்னா வெறும் தலைவலி இல்லம்மா. மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட நோய். தலைவலி அதுல ஒரு பங்குதான்.” அவர் பக்கம் திரும்பினார். “மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?”

“எத்தனை நாள் போடலன்னு கேளுங்க.”

“அப்போ அந்த மாத்திரையே வலியைக் கூட்டிட்டு வருது. நிறுத்தணும். முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும். வேற மருந்து தரேன். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“இல்ல” என்றார் அவர். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அம்மா கதவைச் சாத்திட்டுப் படுத்துப்பாங்களே, ஞாபகம் இருக்கா?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதத்தில் இரண்டு நாளாவது அம்மா யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்விடுவாள். இவர்கள் இருவரும் வீட்டைப் பெருக்குவார்கள், துணியை மடிப்பார்கள், கதவுக்கு வெளியே காத்துக் கிடப்பார்கள்.

“நம்ம மேல கோவம்னுதானே நெனச்சோம்” என்றார்.

“நான் ஒரு தடவை மன்னிப்பு கேட்டு எழுதி, கதவுக்கு அடியில தள்ளினேன்டா.”

“என்ன தப்புன்னு எழுதினே?”

“தெரியலயே. எல்லாத்துக்கும்னு எழுதினேன்.”

அம்மா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. கல்யாணத்தைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை, அவரும் எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் கேட்டாள்: “வலிக்கும்போது கூட யாராச்சும் இருக்கணுமாடா?”

“உள்ளே யாரும் வேணாம்க்கா. வெளியில யாராவது இருந்தா போதும்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எனக்கு ஆறு மணிக்கு வண்டி” என்றாள். ஏற்றிவிட்டு, தனியாக வீட்டுக்கு நடந்தார்.

டாக்டரம்மா சொன்னது கொஞ்சமும் பொய்யில்லை. மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு கிடந்தார். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் அந்தச் சத்தத்தைத் தாங்கியிருக்கவும் மாட்டார். பிறகு மெல்ல மெல்ல விட்டது. முன்பு மாதத்தில் பாதி நாள் வந்த வலி இப்போது நாலைந்து நாள்தான் வருகிறது. அடியோடு போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மைக்கைத் திருப்பித் தரவில்லை. மேலாளர் நல்லவர்தான். ஆனால், “ஜனங்க விஷயம், எதுக்கு வம்பு?” என்றார். மேலே இப்போது பதிவு செய்த ஒரு பெண் குரல் பேசுகிறது. அவர் கீழே, பெட்டிகளைப் பாதுகாத்துக் கொடுக்கும் அறையில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எதிரில் நிற்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது.

வலிக்கும் நாட்களில் காலையிலேயே மேலாளருக்குப் போன் செய்துவிடுகிறார்.

“மைக்ரேன் சார். இன்னைக்கு வர முடியாது.”

“நேத்து சிரிச்சுப் பேசிட்டு நல்லாத்தானே இருந்தீங்க?”

“ஆமா சார். நேத்து வலி இல்ல.”

முன்பெல்லாம் இந்த இடத்தில் காய்ச்சல் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ ஒரு பொய் சேர்த்துச் சொல்லுவார். இப்போது சொல்வதில்லை. போனை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.