ஆலாத் தீவின் ஒற்றைக் குரல்

மோப்பம் என்று அவருக்குப் பெயர் விழுந்தபோது வயது ஒன்பது. வைத்தவன் அவருடைய பெரியப்பாவின் மூத்த மகன். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் ஒரே பாய்மரப் படகில் தொழில் செய்த காலம் அது. ஒருநாள் பனிமூட்டத்தில் திக்குத் தெரியாமல் படகு அல்லாடியபோது, பாய்ச்சுருளில் படுத்திருந்த இவர் எழுந்து உட்கார்ந்து, “இடதுபக்கம் நீர்க்காகம் நாறுது” என்றாராம். திருப்பினார்கள். நீர்க்காகத் தீவு எதிரே வந்து நின்றது. அதற்குப் பிறகு பெற்றவள்கூட அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஐம்பது வருடம் அந்த மூக்கை நம்பித்தான் சுக்கான் பிடித்தார். மனைவி போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஒரே மகளும் கட்டிக்கொடுத்த இடத்தோடு சரி. படகுப் பாய் தைக்கும் கூடத்துக்கு மேலே, தங்கை வீட்டு மாடியறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆணியில் தொங்கும் மழைச்சட்டை. சொத்து அவ்வளவுதான்.

படகு தங்கையின் புருஷனுடையது. அவரை மோப்பம் ‘மாப்பிள்ளை’ என்பார். அவர் இவரை ‘மச்சான்’ என்பார். தங்கைக்குப் படகில் சமையல் வேலை. வருடம் ஒருமுறை, பறவைகள் முட்டையிடும் பருவத்தில், ஐந்து தீவுகளையும் ஏழு நாளில் சுற்றிவருவார்கள். பறவைகளை எண்ணும் வேலையில் இருந்த ஒரு பெண் கூட வருவாள். இவர்களுக்கு அவள் கணக்கம்மா.

படகில் ஜிபிஎஸ் பெட்டி இல்லாமல் இல்லை. தீவுக்குப் பக்கம் வரை அது கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கப்புறம் தண்ணீருக்குள் பாறை. உள்ளே நுழைய இரண்டு படகு அகலத்துக்கு ஒரே ஒரு இடைவெளி. வெயில் அடித்தால் கண்ணே போதும். பனி இறங்கிவிட்டால் எச்சத்தின் வாடையும் பறவைகளின் இரைச்சலும்தான் வழி. வாடை எங்கே திரள்கிறது, இரைச்சல் எங்கே கிழிகிறது என்று பார்த்துத்தான் மோப்பம் நுழைவார்.

அந்த மூக்குதான் செத்துப்போயிற்று. பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. இதை யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளைக்கு நாற்றம் என்றால் ஆகாது, உடனே துண்டை எடுத்து மூக்கைப் பொத்துவார். தீவுப் பக்கம் தொழிலுக்குப் போகும்போதெல்லாம், துண்டு மேலே போவதைப் பார்த்து, “ம், வந்துடுச்சு” என்று மோப்பம் சுக்கானைத் திருப்பிக் காலத்தை ஓட்டினார்.

தங்கைதான் கண்டுபிடித்தாள். பயணம் கிளம்பிய முதல் நாள் காலை, அடுப்படியில்.

“டீ எப்படிண்ணே இருக்கு?”

“பிரமாதம்.”

“என் புடவையில மண்ணெண்ணெய் கொட்டி அரைமணி நேரமாச்சு. பக்கத்துல உக்காந்து பிரமாதம்ங்கிறீங்க. எத்தனை மாசமா இப்படி?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “எட்டு.”

“அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா சுக்கானை வாங்கிடுவார். அப்புறம் மாடியில உக்காந்து நான் எதைப் பாக்கறது? காது நல்லாத்தான் இருக்கு. ஆலாப் பறவை தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்.”

“ஆலா தும்முமா?”

“தும்முனா கேக்கும்னு சொல்றேன்.”

அம்மா செத்த வருடம் அவளுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய அண்ணன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கணக்கம்மாவை ஆலாத் தீவில் இறக்கினார்கள். பத்தாயிரம் ஜோடி ஆலாக்கள், வெள்ளைக் கடற்பறவைகள். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்திப் பேசினால்தான் காதில் விழும். கூடாரம், வாக்கி-டாக்கி, ஒரு வாணலி, மூன்று நாளைக்குத் தண்ணீர்.

“அஞ்சாம் நாள் சாயங்காலம் வந்துடுங்க மோப்பண்ணா! தண்ணி அதுவரைக்கும்தான்!” என்று கத்தினாள்.

“கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துடுவேன்!” என்று இவரும் கத்தினார்.

மூன்றாம் நாள் போன தீவில் பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். நடந்தால் காலுக்கடியில் அவற்றின் முனகல். நிலமே வலியில் புரள்வது போல இருக்கும். உச்சிவெயிலில் அந்த முனகல் சட்டென்று நின்றது. ஒன்றிரண்டு வளையில் அல்ல, தீவு முழுவதும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது.

“யாரோ வாயைப் பொத்தி எடுத்த மாதிரி இருக்குண்ணே” என்றாள் தங்கை. சுள்ளி பொறுக்க வந்தவள் பொறுக்காமலே படகுக்குத் திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஆலாத் தீவுக்கு முந்நூறு மீட்டர் என்று பெட்டி சொன்னது. அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஒரு பறவைச் சத்தமும் இல்லை. படகைச் சுற்றி வெள்ளை இறகுகள் மிதந்தன, ஆயிரக்கணக்கில். அவற்றை உதிர்த்த பறவை ஒன்றுகூட இல்லை.

காதும் போய்விட்டது என்றுதான் மோப்பம் நினைத்தார். காதோரம் விரலைச் சொடுக்கினார். கேட்டது. பாய் படபடப்பதும் கேட்டது.

“எந்தப் பக்கம் மச்சான்?”

“மாப்பிள்ளை, எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“எனக்கும்தான் கேக்கல. நாத்தமும் எல்லாப் பக்கமும் ஒண்ணா அடிக்குது. அதான் உங்க மூக்கைக் கேக்கறேன்.”

“மூக்கு செத்து எட்டு மாசமாச்சு.”

மாப்பிள்ளை மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நல்ல குடும்பம். இந்தப் படகுல நான் ஒருத்தன்தான் விருந்தாளி போல.”

வாக்கி-டாக்கியில் கணக்கம்மாவைக் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. பொழுது சாயும்போது பெருங்காற்று என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அங்கே நங்கூரம் போட்டால் காற்று படகைப் பாறையில் அடித்து நொறுக்கிவிடும். விலகிப் போனால் திரும்பிவர மூன்று நாள் ஆகும். உள்ளே இருப்பவளிடம் தண்ணீர் இல்லை. மூவருக்கும் இது தெரியும்.

மாப்பிள்ளை சுக்கானுக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் மோப்பத்துக்குக் கேட்டது. மெல்லிசாக, வலதுபக்கத்திலிருந்து. ஒரே ஒரு குரல்.

“கத்துது.”

“எது?”

“ஆலாக் குஞ்சு. பசியில கத்துது.”

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “எங்களுக்குக் கேக்கலையே” என்றார் மாப்பிள்ளை. “பத்தாயிரம் ஜோடி இருந்த இடத்துல ஒரு சத்தம் இல்ல. உங்களுக்கு மட்டும் ஒண்ணு கத்துதா? எட்டு மாசம் என்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க மச்சான். இப்ப எதை நம்பச் சொல்றீங்க?”

மோப்பம் சுக்கானை விடவில்லை. தங்கைதான் பேசினாள். “முங்கினா மூணு பேரும் சேர்ந்துதான் முங்கப் போறோம். அண்ணன்கிட்ட விடுங்க.”

மாப்பிள்ளை கையை எடுத்தார்.

குரல் விட்டு விட்டு வந்தது. படகு சரியாகத் திரும்பினால் கத்தியது. தப்பாகத் திரும்பினால் நின்றது. யாரோ விரல் பிடித்து இழுத்துப் போவது போல இருந்தது அவருக்கு. பனிக்குள் இரண்டு பக்கமும் கறுப்பாகப் பாறைகள் எழுந்து பின்னால் நகர்ந்தன. ஒன்றைக் கை நீட்டித் தொட்டிருக்கலாம். பிறகு அடியில் தண்ணீர் அமைதியாயிற்று. அதற்கப்புறம்தான் எல்லார் காதிலும் விழுந்தது, வாணலியைக் கரண்டியால் தட்டும் ஓசை. அலையிரைச்சல் அதுவரை அதை விழுங்கியிருந்தது.

கணக்கம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவளைச் சுற்றி, பனி விட்ட இடமெல்லாம், கேட்பாரற்ற முட்டைகள்.

தங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசினாள். “முந்தாநாள் உச்சிவெயில். ஒரே நொடியில எல்லாம் கத்தறதை நிறுத்திடுச்சு. அப்புறம் மொத்தமா எழுந்து கடலுக்குள்ள போயிடுச்சுங்க. ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல. வாக்கி-டாக்கி நனைஞ்சுபோச்சு. சத்தம் இல்லாம நீங்க எப்படி வருவீங்கன்னு வாணலியைத் தட்டிக்கிட்டே இருந்தேன்.”

முந்தாநாள் உச்சிவெயில். அந்தத் தீவில் மண்ணுக்குள் முனகல் நின்ற அதே நேரம். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

“குஞ்சு எங்கம்மா?” என்றார் மோப்பம்.

அவள் கை தானாக மேல்சட்டைக்குப் போயிற்று. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். “இது ஒண்ணுதான் உயிரோட கிடந்தது. கத்திக்கிட்டே இருந்துச்சு. உள்ள வச்சுச் சூடு குடுத்துப் பாத்தேன். நேத்து காலையில உயிர் அடங்கிடுச்சு. தூக்கிப்போட மனசு வரல.”

மாப்பிள்ளை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மச்சானையே பார்த்தார். காற்று ஏறுவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் சுக்கானைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. மோப்பமும் கேட்கவில்லை. ஒருநாள் காலை, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மோப்பம் எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்ப்பதை மாப்பிள்ளை பார்த்தார்.

“இன்னும் கத்துதா மச்சான்?”

“கத்துது.”

“எந்தப் பக்கம்?”

அவர் பாத்திர அலமாரியின் மூலையைக் காட்டினார். மாப்பிள்ளை திசைகாட்டியை எடுத்து வந்தார். சரியாக ஆலாத் தீவின் திக்கு. நம்பாமல், கீழே கூடத்துக்குக் கூட்டிப்போய், பாய்த்துணியைத் தலையோடு போர்த்தி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்டார். போர்வைக்குள்ளிருந்து கை நீண்டது. அதே திக்கு.

“ஆலாத் தீவுக்கு மட்டும் நீங்க பிடிங்க” என்றார் மாப்பிள்ளை, திசைகாட்டியை மூடியபடி. “மத்ததுக்கு நான் பாத்துக்கறேன்.”

அடுத்த வருடம் மோப்பம்தான் படகை உள்ளே நுழைத்தார். வெயில் அடித்த நாள், பாறை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் கண்ணை மூடி, குஞ்சின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நுழைத்தார். ஆலாக்கள் திரும்பியிருக்கவில்லை. கணக்கம்மா தீவை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, நோட்டைப் பிரித்துப் பூஜ்யம் என்று எழுதினாள்.

மோப்பம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுன்னு போடும்மா” என்றார்.