ஆயுத பூசையும் நிற்கக் கூடாத தட்டும்

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. பால் பாக்கெட்டை எடுத்து வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இட்லி சாப்பிட்டுவிட்டு அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் சாலையில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். போனதும் கை கழுவி, உறை மாட்டி, உருண்டைகளுக்குச் சாப்பாடு மாற்றினேன்.

உருண்டைகள் என்று நாங்கள் சொல்வது மூளைத் திசுவை. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதிலுள்ள செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து வளர்க்கிறோம். மிளகு அளவுதான் இருக்கும். யோசிக்காது. ஆனால் கருவில் மூளை உருவாகும்போது எந்தக் கட்டத்தில் வளர்ச்சி வேறு பாதையில் போகிறது என்று அதை வைத்துப் பார்க்கலாம். சாப்பாடு என்பது இளஞ்சிவப்பான ஒரு கரைசல். மஞ்சளானால் பசி என்று பொருள்.

உருண்டைகள் இருக்கும் கிண்ணங்கள், சூடான பெட்டிக்குள் ஒரு தட்டின் மேல் இரவு பகலாகச் சுழல வேண்டும். தட்டு நின்றால் உருண்டைகள் அடியில் தங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மாதக்கணக்கான வளர்ப்பு வீண்.

எங்கள் தெருப் பெண்மணி ஒருவரின் மகனும் ரத்தம் கொடுத்திருந்தான். ஏழு வயது, பேச்சு வரவில்லை. அந்த வாரம்தான் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி, அவனுடையது எப்படி இருக்கிறது என்று கேட்டார். கிண்ணத்தில் எண் மட்டும்தான் இருக்கும், எது யாருடையது என்று எனக்கே தெரியாது என்றேன். தெரிந்தாலும் ஒன்றுமில்லை, அது பேசாது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன்.

"பேசாம சுத்திக்கிட்டே இருக்குமா? அப்ப என் புள்ளதான்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எதுன்னு தெரியலன்னா எல்லாத்தையும் நல்லா பாத்துக்கோங்கண்ணா," என்றார்.

மறுநாள் விடுமுறை என்பதால் வியாழன் மாலையே பூசை. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு என் அறைக்குத் திரும்பினால், ஏதோ குறைகிறது. சத்தம். தட்டின் முனகல் இல்லை. பெட்டியின் கதவில் சந்தனமும் குங்குமமும். மேலே மாலை. சுவிட்ச் அணைந்திருந்தது.

முதலில் சுவிட்சைப் போட்டேன். பிறகு எலக்ட்ரீஷியன் அண்ணனைத் தேடினேன். ஒரு மெஷினையும் விடாமல் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துக்கொண்டு வந்தவர், நான் மறுபடி சுவிட்சைப் போட்டதைக் கேட்டு வருத்தப்பட்டார்.

"இன்னா சார், மூளைக்கு ஒரு நாள் லீவு குடுக்கக் கூடாதா?"

விளக்கினேன். ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் பூசை போட்ட மெஷின் ஓடுவது அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில் நான் ஸ்டோர் ரூமிலிருந்து ரிப்பேரான பழைய தட்டைத் தூக்கி வந்தேன். சாமியிடம் முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டு, மாலையை அதற்கு மாற்றினார். பெட்டிக் கதவை நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

அது பல வருடமாக ஓய்வில்தான் இருக்கிறது என்றேன்.

"அதான் சார், இன்னைக்கு மரியாதை பண்றோம்," என்றார்.

லேசாக ஒட்டியவை சுழற்சியில் தானாகப் பிரிந்துவிடும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் தப்பு. காலை வரை விடுவதென்று முடிவு செய்தேன். வீட்டில் மனைவி மிக்ஸிக்கும் என் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தாள். நாளை ஸ்கூட்டரை எடுக்கக் கூடாது என்றாள். நான் வாதாடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்தேன். ஆய்வகத்தில் முதல் வேலையாக, ஒவ்வொரு கிண்ணமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கிண்ணத்தில் மட்டும் இரண்டு உருண்டைகள் ஒட்டியிருந்தன. அகல வாய்க் குழாயால் கரைசலை மெல்ல அவற்றின் மேல் பாய்ச்சினேன். பிரிந்து, தனித்தனியாகச் சுற்ற ஆரம்பித்தன. அது யாருடையதோ. மற்றவற்றையும் ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினேன்.