அனந்தகிரியின் பேருக்கு வந்த பார்சல்

செய்தி வந்தபோது ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு பூசியிருந்தேன். தொலைபேசியில் மரகதம் மேடத்தின் மகள் ரேகா. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் அவளிடம் கொஞ்சம் நொண்டும். "மாமா… அம்மா போச்சு. சுபே பாஞ்ச் பஜே." காலை ஐந்து மணிக்காம். பாதி மழித்த முகத்தோடுதான் மயானத்துக்குப் போனேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்காத முதல் நாள் அது.

மரகதம் மேடத்தைப் புனேயின் தமிழ்க் குடும்பங்களில் தெரியாதவர் கிடையாது. கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து, சாங்வியில் குடித்தனம் நடத்தி, எங்கள் பல்கலைக்கழக நூலகத்தையே ஆண்டவர். அவர் மேசையை நெருங்கும்போது துணைவேந்தரே சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். ஒருமுறை அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த பார்வையில், மூன்று பேராசிரியர்கள் ஒன்பது வருடமாக வைத்திருந்த நூல்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் பயத்தில் மாமனார் வீட்டு அலமாரியையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை வாழ்நாளில் ஒரே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட வைத்தவன் நான். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வரலாறு முதலான கலைத் துறைகளுக்கென ஆய்வு நூலகக் கூட்டமைப்பு ஒன்றை நடத்தின. ஒரு நூலகத்தில் இல்லாத நூலை இன்னொரு நூலகம் நான்கு வாரத்துக்கு அனுப்பிவைக்கும். அதில் எங்களையும் உறுப்பினராக்க மேடம் நான்கு வருடம் கடிதம் எழுதினார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு விதி: வருடத்தில் ஒரு ஆய்வாளராவது நூல் கேட்காவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். எங்கள் அறிஞர் பெருமக்களோ மூன்று பிரதி படிவம் நிரப்புவதைவிட அறியாமையே மேல் என்று இருந்துவிட்டார்கள்.

வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வரலாற்றுத் துறைக்கு, என்னிடம் வந்தார். "இன்னா சார், இத்தினி டாக்டருங்க கீறீங்க. ஒருத்தருக்குக் கூடவா படிக்கத் தோணல?"

அன்று மாலையே அவர் மேசையில் ஒரு படிவம் இருந்தது. கேட்டவர்: டாக்டர் வே. அனந்தகிரி, ஏழு செத்த மொழிகளில் கனவு காண வல்லவர். வேண்டிய நூல்: தக்காணத்து ஆறுகளின் படகுத் துறைகளைப் பற்றிய பழைய ஆங்கில நூல். ஆளை நானேதான் படைத்தேன், மூக்குப்பொடி உறிஞ்சிக்கொண்டே, பிரம்மாவுக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு. மேடம் படித்துச் சிரித்துக் கிழித்துப் போடுவார், பிறகு நான் ஒழுங்கான படிவம் தருவேன் என்பது திட்டம். அவரோ, "கேட்டவரை நேரில் அறிவேன்" என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். வருடக் கடைசி அவசரத்தில், யாரோ புதிதாகச் சேர்ந்தவர் என்று நம்பிவிட்டார்.

நூல் வந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு துறை துறையாக அனந்தகிரியைத் தேடினார். மூன்று வாரம். உண்மையைச் சொல்லாமல் ஒளிந்து திரிந்தேன். "களஆய்வுக்குப் போயிருப்பார் மேடம்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கடைசியில் படிவத்தை மூக்கருகே வைத்துப் பார்த்திருக்கிறார். நேரே என் அறைக்கு வந்தார்.

"அரே சார், உங்க அனந்தகிரியும் மூக்குப்பொடி போடுவாரா?"

எழுந்து நின்றேன். "நானே எழுதிக் கொடுத்துடறேன் மேடம். தப்பு என்னுதுன்னு."

"வாணாம். எழுதினா மெம்பர்ஷிப் பூடும்." படிவத்தை மடித்துக்கொண்டார். "வந்த பொஸ்தகத்த படிக்காம திருப்பி அனுப்புனாதான் பொய். யாராவது படிச்சுட்டா பொய் இல்ல. அவ்ளோதான், நானே படிக்கிறேன்."

சாப்பாட்டு நேரங்களில் படித்தார். மிச்சமிருந்தது ஒரே வாரம். பாதிதான் முடிந்தது. அதன்பின் வருடா வருடம் அனந்தகிரியின் பேரில் ஒரு நூல் வரவழைத்து முழுதாகப் படித்து, நூலோடு திருப்பி அனுப்பும் சீட்டில் அதன் கடைசி வரியைத் தம் கையால் எழுதி, அப்புறம்தான் பார்சல் கட்டுவார். குறிப்புகளை ஆய்வு மாணவர்களுக்குக் கொடுப்பார். ஒரு மராட்டிப் பையன் தன் ஆய்வேட்டில் டாக்டர் அனந்தகிரிக்கு நன்றி எழுதினான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "முதல் சீட்டு காலியாத்தான் போச்சு சார்" என்றார். அதை அவ்வப்போது சொல்வார். நான் பேச்சை மாற்றுவேன்.

அவர் போய் ஒன்பதாம் நாள் நூலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பெறுபவர்: டாக்டர் வே. அனந்தகிரி. யாருக்கென்று தெரியாமல் பியூன் துறை துறையாகச் சுமந்து என்னிடம் வந்து நின்றான். வாங்கிக்கொண்டேன். ஆளில்லாத ஒரு பேருக்கு இத்தனை வருடம் உடம்பாக இருந்தவர் அவர். உடம்பை எரித்துவிட்டு வந்தோம். பேர் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

உள்ளே அந்த முதல் நூல், படகுத் துறைகள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கேட்டிருக்கிறார். உடனிருந்த படிவ நகலில், காரணம் என்ற இடத்தில் அவர் எழுத்து: "பாதியில் விட்டது."

நூலைத் திறந்தேன். நடுவில், மை மங்கிய ஒரு சாங்வி பஸ் டிக்கெட். அவர் நிறுத்திய பக்கம். இடையில் வேறு யாருமே இந்த நூலைக் கேட்கவில்லை போலும். அன்றிலிருந்து நூலகத்தின் பெரிய படிக்கட்டில் நான் ஏறுவதில்லை. அதில் ஏறினால் அவர் மேசையைத் தாண்ட வேண்டும்; தாண்டும்போது பக்கம் புரளும் ஓசை கேட்கிறது. மிகையாகச் சொல்வது என் பிறவிக் குணம். இதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட் இருந்த பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அவர் சாப்பிடும் நேரத்தில், தினமும். நேற்று முடிந்தது. திருப்பும் சீட்டில் கடைசி வரியை எழுதினேன்: "மழைக்காலத்தில் இத்துறையில் படகு இல்லை." கீழே வாசகர் கையொப்பம் என்ற இடத்தில் என் சொந்தப் பேரைப் போட்டேன். கூட்டமைப்பு என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

பார்சலை நானே கட்டினேன். பஸ் டிக்கெட்டை மட்டும் அனுப்பவில்லை. மூக்குப்பொடி டப்பாவைக் காலி செய்து கழுவி, அதில் வைத்திருக்கிறேன்.