துரைசிங்கம் அவர்களின் சாமிமூட்டை

கடந்த செவ்வாயன்று சிதம்பரத்துக்கு வெளியே, நரிக்குறவர் குடியிருப்பில் நடந்த அடக்கத்தில் இருந்தவர்கள்: துரைசிங்கம் அவர்களின் மனைவி, மகன் குமார், தம்பிமார் இருவர், குடியிருப்புப் பெண்கள் பதினொரு பேர், டீக்கடைக்காரர், என் கணவர், நான். "அப்பா பூட்டாரு ஆன்ட்டி" என்று குமார் விடியற்காலை போன் செய்திருந்தான்.

சுனாமிக்கு மறுவருடம் துரைசிங்கம் அவர்கள் பாசிமணி விற்க எங்கள் தெருவுக்கு வந்தார். உருத்திராட்சம் கேட்டேன்.

"இது அசல் இல்ல தாயி. நீ ஜெபிக்கிறது அசல்தான, வாங்கிக்க" என்றார். வாங்கினேன்.

அவர்களுடைய வாக்ரிபோலி மொழிக்கு எழுத்து கிடையாது. ஆண்டுக்கொருமுறை, அம்மனின் பொருள்களைக் கட்டிவைத்திருக்கும் சாமிமூட்டையைப் பிரித்து அம்மனை அந்த மொழியில் அழைப்பார்கள். மூட்டை முன்னாலன்றி அந்த வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. தலைமகனுக்கு மட்டுமே அவை போகும். விடுதியில் தங்கிப் படித்த குமாருக்கோ தமிழ்தான் வந்தது. அவனுக்காக ஒரு வருடம் மூட்டை பிரித்தபோது என் டேப்ரெக்கார்டரில் பதிய ஒப்புக்கொண்டார். காப்பி எடுக்கட்டுமா என்றேன்.

"வேணாம். ரெண்டு எடத்துல கூப்புட்டா அவ எங்கன்னு வருவா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. கேசட்டைப் பூஜை அலமாரியில் வைத்தேன்.

பிறகு மஞ்சக்குப்பத்தில் பழங்குடி மொழிகளைக் காப்பதற்கென்று ஒரு கூட்டம். அவரை மேடையில் உட்காரவைத்தார்கள். பேச நேரமில்லை என்றார்கள். "எங்க பாஷயப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க, பாஷயில யாரும் பேசல" என்று சிரித்தார். காட்டலாமென்று நான் கொண்டுபோயிருந்த கேசட்டை ஓர் ஆராய்ச்சி மாணவர் கேட்டார். எழுதிக்கொண்டு ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார். படித்தவர் கையில் பத்திரமாக இருக்குமென்று, துரைசிங்கம் அவர்களைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன்.

அந்த மாணவருக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறுபடி பதியலாம் என்று துரைசிங்கம் அவர்களிடம் கெஞ்சியபோது மறுத்துவிட்டார்: "அது எங்கியோ கூப்புட்டுக்கிட்டு இருக்கு. மொதல்ல அது வந்துடட்டும்." என்னை ஒரு சொல் திட்டவில்லை.

அடக்கம் முடிந்ததும் குமார் என்னிடம் வந்தான். "மொத ரெண்டு வரிதான் தெரியும் ஆன்ட்டி. அர்த்தம்கூடத் தெரியாது."

அழைக்கத் தெரியாதவர் கையில் மூட்டை இருக்கக் கூடாது என்பது அந்தக் குடும்ப வழக்கம். தை அமாவாசையன்று கொள்ளிடத்தில் விட்டுவிடப் போகிறார்கள்.

ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் மொழியில் சொல்லக்கூட எனக்குத் தெரியாது. போய் வாருங்கள்.

கேசட்டை வாங்கிச் சென்ற தம்பி, அது உங்களிடம் இருக்கிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை. தொலைந்துவிட்டது என்றாலும் அதையே எழுதுங்கள். அமாவாசைக்கு முன்பாகப் பதில் போடுங்கள்.