இசோகாய்க்குக் கொடுத்த ஆறு ஜெட்டுகள்

நுமாட்டா கியோஹாருவின் வயிற்றில் புண் எதுவும் இல்லை என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்த எரிச்சலின் பெயர் இசோகாய் என்பது அவர் மனைவி சிசுகோவுக்கு மட்டும் தெரியும்.

ஃபேர்லேடி இசட் கார்களின் எஞ்சினைப் பிரித்து, வேகம் கூட்டித் தருவது நுமாட்டாவின் பிழைப்பு. ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். ஒவ்வொன்றின் வாயிலும் ரப்பர் குழாயை வைத்து, மறுமுனையைக் காதில் சொருகி, மூன்றும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகிக்கொண்டிருப்பார். அவரிடம் பல வருஷம் இருந்து இந்த வித்தையைக் கற்ற இசோகாய், அதே தெருவில் கண்ணாடிக் கதவு போட்டுத் தனிப் பட்டறை திறந்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. பாய்ந்த கடா எதிரே பார்க்கும்போதெல்லாம் இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சன்னல்ல என்ன பாக்குறீங்க? சோறு ஆறுது," என்பாள் சிசுகோ.

"மழை வருதான்னு பாத்தேன்."

"இந்த வெயில்லயா? அவன் கடை வாசல்ல எத்தனை காருன்னு சொல்லிட்டு வந்து உக்காருங்க."

அந்த ஜனவரியில் ஒரு கார்ப் பத்திரிகை, சுக்குபா மலையடிவாரத்து ஓடுபாதையில் வேகப் பரீட்சை வைத்தது. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டரை முதலில் தாண்டுகிறவர் படம் அட்டையில் வரும். சாவதற்குள் அந்த அட்டையில் ஏறிவிட வேண்டும் என்பது நுமாட்டாவின் ஆசை. அவர் கார் இருநூற்று நாற்பத்தேழோடு நின்றுவிட்டது.

அடுத்து ஓட வேண்டியது இசோகாயின் கார். அவனே ஓட்டுகிறான். குளிர்காற்று அடர்த்தியானது, கூடுதல் பெட்ரோல் கேட்கும். அதற்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் திருகுகள், சிலிண்டருக்கு ஒன்றாக, பெரிய துளையோடு வேண்டும். அவன் நேராக நுமாட்டாவிடம் வந்தான்.

"அண்ணே, நூத்தி எழுபது சைஸ்ல ஆறு ஜெட் இருக்குமா? இவ்வளவு குளிரும்னு நினைக்கல."

களத்தில் எதிரி கேட்டாலும் சாமான் கொடுத்தே ஆகவேண்டும், இல்லையென்பது கேவலம். நுமாட்டா பெட்டியைத் திறந்தார். கை நூற்று எழுபதைத் தொட்டது, நகர்ந்தது, துளை சிறிய நூற்றைம்பதில் ஆறை எடுத்தது. பெட்ரோல் போதாமல் முழு வேகத்தில் பிஸ்டன் உருகும். எஞ்சின்தானே போகும், என்று மனசு சமாதானம் சொன்னது.

ஜெட்டின் தலையிலேயே எண் பொறித்திருக்கும். ஆனால் மூத்தவர் கொடுத்ததைத் திருப்பி எண் பார்ப்பது அவர் முகத்தில் அறைவதற்குச் சமம். இசோகாய் இரு கைகளாலும் வாங்கினான். பார்க்காமலே மாட்டினான். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இவரைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான்.

அந்த வேகத்தில் எஞ்சின் இறுகினால் சக்கரமும் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பவனும் போவான் என்பது கார் நகர்ந்ததும்தான் நுமாட்டாவுக்கு உறைத்தது. குறுக்கே ஓடினார்.

"நிறுத்துடா! நிறுத்து! டப்பா மாறிப் போச்சு, தப்பானதைக் கொடுத்துட்டேன்!"

இசோகாய் இறங்கி ஒரு ஜெட்டைக் கழற்றிப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு சிரித்தான். "குளிர்ல விரல் மரத்திருக்கும், விடுங்கண்ணே."

சரியான ஜெட்டோடு அவன் கார் இருநூற்று ஐம்பத்துமூன்று தொட்டது.

"நுமாட்டா அண்ணன் ஓடி வரலேன்னா இன்னிக்கு நான் இல்ல," என்றான் பத்திரிகைக்காரர்களிடம். "அட்டையில என் பக்கத்துல அவரும் நிக்கணும்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வேண்டுமென்றே செய்தேன்டா என்று கத்த நுமாட்டாவுக்கு நாக்கு துடித்தது. கத்தினால் அவன் மன்னித்துவிடுவான். அதிலும் அவனே ஜெயிப்பான்.

"கொஞ்சம் சிரிங்க சார்," என்றான் படம் பிடிப்பவன்.

நுமாட்டா சிரித்தார்.